29 வயது, 70 கிலோ, சீனி 108: நான் ஏன் பயப்பட வேண்டும்?

கேள்வி

டொக்டருக்கு வணக்கம். எனக்கு 29 வயது. வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். கோட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாடிக்கையாளர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருப்பதால் மதியம் 2 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 11.30 ஆகிவிடும். படுக்கும்போது 2 மணி. பக்கத்துக் காணியில் கட்டட வேலை நடப்பதால் காலை 7 மணிக்கு மேல் தூங்கவும் முடியாது.

போன மாதம் கந்தோரில் எல்லோருக்கும் மெடிக்கல் செய்தார்கள். என் உயரம் 170 செ.மீ., நிறை 70 கிலோ, இடுப்பு 93 செ.மீ. வெறும் வயிற்றில் சீனி 108. ட்ரைகிளிசரைட் 190, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 128, பிரஷர் 128/84. சீனிக்கு 70 முதல் 110 வரை சரி என்றுதான் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் கீழே 'வைத்தியரைச் சந்திக்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள்.

இளம் வயதினரின் உடல்நிலையை நாடு நாடாக ஒப்பிடும் ஓர் அட்டவணையை இணையத்தில் பார்த்தேன். அமெரிக்காவில் பத்துப் பேரில் நான்கு பேர் உடற்பருமன். நாங்கள் எங்கேயோ கீழே இருக்கிறோம். ரொறொன்ரோவில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணா 90 கிலோ. அவருடைய டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். என்னைப் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். அப்படியிருக்க எனக்கு மட்டும் ஏன் இது?

அப்பாவுக்கு 44 வயதில் சீனி வருத்தம் வந்தது. 52 வயதில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அம்மா பயந்து முட்டையையும் தேங்காயையும் அடியோடு நிறுத்திவிட்டா. எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள், இதை ஒருவரிடமும் சொல்லாதே என்கிறா. நான் சிகரெட் குடிப்பதில்லை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு பியர் உண்டு. கனடாவுக்குப் போக விண்ணப்பிக்கவும் இருக்கிறேன். அங்கே போனால் இதெல்லாம் சரியாகுமா?

பதில்

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: உங்களுக்கு நீரிழிவு இல்லை. நீரிழிவு என்று சொல்ல வெறும் வயிற்றுச் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதையும் இன்னொரு பரிசோதனையால் உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் 'சின்ன வயசுதானே' என்று அந்தக் கடதாசியை மடித்து வைக்கவும் நான் விடமாட்டேன். அதில் உள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால் ஒரு கதை சொல்கின்றன.

வைத்தியர்கள் ஐந்து விடயங்களைச் சேர்த்துப் பார்ப்போம். இடுப்புச் சுற்றளவு, குருதியில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைட், எச்.டி.எல்., இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சீனி. இவற்றில் மூன்று எல்லை தாண்டியிருந்தால் மெட்டபோலிக் சின்ட்ரோம் என்று எழுதுவோம். அனுசேபம், அதாவது உடல் உணவைச் சக்தியாக மாற்றும் வேலை, தடம் மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தெற்காசிய ஆணுக்கு இடுப்பு எல்லை 90 செ.மீ., உங்களுக்கு 93. ட்ரைகிளிசரைட் எல்லை 150, உங்களுக்கு 190. நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்குக் குறையக் கூடாது, உங்களுக்கு 36. சீனி எல்லை 100, உங்களுக்கு 108. பிரஷர் மட்டும் 130/85க்குச் சற்றே கீழே நிற்கிறது. ஐந்தில் நான்கு. கீழே குறிப்பு எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் 70 முதல் 110 வரை சரி என்று ஏன் அச்சிட்டிருக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 110க்கு மேல் போனால்தான் கவனிக்கச் சொல்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003 முதல் அந்த எல்லையை 100க்கு இறக்கிவிட்டது. உங்கள் குருதி ஒன்றுதான். ஒரு விதிப்படி நீங்கள் சாதாரணம், மற்ற விதிப்படி நீரிழிவுக்கு முந்திய நிலை. அப்பாவின் வரலாற்றையும் மற்ற மூன்று இலக்கங்களையும் பார்க்கும்போது, உங்கள் விடயத்தில் நான் 100ஐத்தான் எல்லையாக எடுப்பேன்.

நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளை நான் எச்சரிக்கையோடு வாசிப்பதும் இதனால்தான். எந்த எல்லையை வைத்து எண்ணினார்கள், வெறும் வயிற்றில் பார்த்தார்களா, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தார்களா, குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்து இரண்டு மணிநேரம் கழித்துப் பார்த்தார்களா, எந்த வயதினரைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே நாட்டின் இலக்கமே மேலும் கீழும் போகும். நீங்கள் பார்த்த அட்டவணை பொய் என்று சொல்லவில்லை. அது உடல் நிறையை மட்டும் ஒப்பிடுகிறது. உங்கள் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அது காட்டாது.

அமெரிக்காவின் தேசிய ஆய்வை எடுங்கள். அங்கே 20 முதல் 44 வயது வரையானோரில் உடற்பருமன் உள்ளவர்கள் 2009இல் 32.7 வீதமாக இருந்து 2020இல் 40.9 வீதமாக உயர்ந்தார்கள். மிகவும் மோசமான நிலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வயதினரில் நீரிழிவு உள்ளவர்கள் 3 வீதத்திலிருந்து 4.1 வீதத்துக்குத்தான் வந்தார்கள். பத்தில் நான்கு பேர் பருமன், நூற்றில் நான்கு பேருக்கு நீரிழிவு.

இப்போது எங்கள் நாட்டுக்கு வாருங்கள். 2005-06இல் நாடளாவிய ஆய்வு ஒன்று 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு என்றது. 2018-19இல் நடந்த இலங்கை சுகாதார, முதுமை ஆய்வில் அது 23 வீதம். மேலும் 30.5 வீதமானோர் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தார்கள். இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல என்பதால் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் திசையில் சந்தேகம் இல்லை. இந்த 23 வீதத்தை அமெரிக்க இளைஞர்களின் 4.1 வீதத்தோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை, இதில் முதியவர்களும் இருக்கிறார்கள். வளர்ந்தோர் எல்லோரையும் எடுத்தால் அமெரிக்காவில் ஏறத்தாழ 15 வீதம். அங்கே வளர்ந்தோரில் பத்துக்கு நான்கு பேர் உடற்பருமன் உள்ளவர்கள். எங்களில் அவ்வளவு பருமனானவர்களைக் காலி வீதியில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நீரிழிவில் அவர்களை முந்திவிட்டோம், பருமனில் எட்டிப் பிடிக்கக்கூட இல்லை. அட்டவணையைப் பார்த்து ஆறுதல் அடையும் இளைஞர்களைக் கண்டால் எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

காரணம் என்ன?

2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு வைத்தியர்களின் படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்தோடு ஒப்பிட்டு நிறையை அளக்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். வெளியே ஒரே அளவு, உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. எங்கள் ஆட்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு கூட, அதுவும் வயிற்றுக்குள். கை கால் மெலிவாகவும் வயிறு மட்டும் சற்று முன்தள்ளியும் இருக்கும் எங்கள் ஆண்களின் தோற்றம் உங்களுக்குத் தெரியாததல்ல.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அவ்வளவு ஆபத்தானதல்ல. அது சேமிப்பு அறை. சாமான் அறை சிறியதாக உள்ள வீட்டில் கொஞ்சம் கூட வாங்கினாலும் மூட்டைகள் விறாந்தைக்கும் அடுப்படிக்கும் வந்துவிடும் அல்லவா? எங்களுக்கு அந்த அறை சிறியது. மிஞ்சும் கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய் உட்காருகிறது. அங்கே இன்சுலின் சொல்லுவது எடுபடாமல் போகிறது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சில வருடங்கள் சமாளிக்கிறது. பிறகு களைக்கிறது. அந்தச் சமாளிக்கும் காலத்தில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள் என்று உங்கள் இலக்கங்கள் சொல்கின்றன.

இது கருவிலேயே தொடங்குகிறது என்பதற்கும் புனேயில்தான் சான்று கிடைத்தது. அங்கே கிராமத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தன, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. அவ்வளவு சிறிய குழந்தைகளிலும் கொழுப்பு மட்டும் அதே விகிதத்தில் குறையவில்லை. தசையும் உள்ளுறுப்புகளும்தான் சிறுத்திருந்தன. ஆகவே தம்பி, இது உங்கள் ஒழுக்கக் குறைபாடு அல்ல. 'வாயைக் கட்டாததால் வந்தது' என்று யாராவது சொன்னால் மனதில் எடுக்காதீர்கள்.

உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது இப்போது வைத்திய உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். அமெரிக்க அளவுகோலில் ஆணின் இடுப்பு 102 செ.மீ. வரை போகலாம், பெண்ணுடையது 88. எங்களுக்கு 90, 80. ஜப்பானியர்கள் தங்கள் ஆண்களுக்கு 85 என்று வைத்து, 2008 முதல் 40 முதல் 74 வயது வரையானோரின் இடுப்பை வருடாந்தப் பரிசோதனையில் அளக்கிறார்கள். மெலிந்தவர்கள் என்று நாங்கள் நினைக்கும் ஜப்பானியர்களே இப்படிக் கவனமாக இருக்கிறார்கள்.

பி.எம்.ஐ.யும் அப்படித்தான். இங்கிலாந்தில் 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, வெள்ளையர் ஒருவருக்கு பி.எம்.ஐ. 30இல் உள்ள நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது. உங்கள் பி.எம்.ஐ. 24.2. இணையக் கணிப்பான் 'சாதாரண நிறை' என்று பச்சை நிறத்தில் காட்டியிருக்கும். நீரிழிவைப் பொறுத்தவரை நீங்கள் நிற்கும் இடம், ஒரு வெள்ளைக்காரர் உடற்பருமன் என்ற பகுதிக்குள் காலடி வைக்கும் இடம்.

ரொறொன்ரோ அண்ணாவின் விடயத்துக்கு வருகிறேன். அவர் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்திலேயே 2011இல் இதே கேள்வியைக் கேட்டார்கள். வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 30 என்றால் தெற்காசியருக்கு 24 என்று விடை வந்தது. நீரிழிவு கண்டறியப்பட்ட வயதின் நடு அளவு (பாதிப் பேருக்கு அதற்கு முன், பாதிப் பேருக்கு அதற்குப் பின்) வெள்ளையரில் 58, தெற்காசியரில் 49. ஒன்பது வருடம் முந்தி. அண்ணாவின் கடவுச்சீட்டு கனடாவுடையதாக இருக்கலாம், ஈரலும் கணையமும் உங்கள் பாட்டனாரிடமிருந்து வந்தவைதான். 'டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை' என்பதற்கு 'பார்த்தார், ஒன்றும் இல்லை' என்று அர்த்தமில்லை. பார்க்கவே இல்லையாக இருக்கலாம். அவருக்கும் 30 வயது தாண்டியிருந்தால் வெறும் வயிற்றுச் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்க்கும்படி நீங்களே சொல்லுங்கள். அவரோடு உங்களை ஒப்பிட்டு நீங்கள் ஆறுதல் தேடினீர்கள். உண்மையில் உங்கள் ரிப்போர்ட்தான் அவருக்குப் பயன்படப் போகிறது.

கனடா போனால் சரியாகுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதிக்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். ஒரே நகரம், ஒரே வைத்தியசாலைகள், ஒரே மெட்ரோ ரயில். ஆனாலும் சீனரைவிட இந்திய வம்சாவளியினரிடமும் மலாயரிடமும் நீரிழிவு அதிகம். 2016இல் அந்த அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அதற்காக எல்லாம் பிறப்போடு வந்தது என்று கையை விரிக்கவும் முடியாது. உங்கள் பாட்டனாருக்கும் இதே உடம்புதான் இருந்தது. அவர் வயலிலோ சைக்கிளிலோ அதைச் செலவழித்தார். நீங்கள் ஒரு நாற்காலியில் ஒன்பது மணிநேரம் இருக்கிறீர்கள். கனடாவிலும் நாற்காலிதான், கூடவே ஆறு மாதக் குளிர். போவதும் போகாததும் உங்கள் விருப்பம், ஆனால் இந்த வேலையைக் கொழும்பிலேயே தொடங்கிவிட்டுப் போங்கள்.

ஏன் இப்போதே என்று கேட்பீர்கள். 19 வசதியுள்ள நாடுகளில் 15 இலட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க இறப்பு வீதத்தை வைத்துக் கணக்கிட்டபோது, 30 வயதில் நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட ஆயுள் சராசரியாக 14 வருடங்கள் குறைவாக இருந்தது. 40 வயதில் வந்தால் 10 வருடம், 50இல் வந்தால் 6 வருடம். பயமுறுத்த எழுதவில்லை. உங்களுக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு பத்து வருடமும் பின்தள்ளுவதில் எவ்வளவு இலாபம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அப்பாவுக்கு 44. உங்களுக்கு அது 60இலோ, வராமலேயோ இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது சீனி 108 அல்ல. 2 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழும்புவது. கொழும்பில் உங்கள் தலைமுறை செய்யும் இந்த வேலைமுறை, அப்பாவின் தலைமுறைக்கு இல்லாத புது ஆபத்து. 1999இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணிநேரம் மட்டும் படுக்க விட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர்களின் உடல் குளுக்கோசைக் கையாளும் வேகம் தெளிவாகக் குறைந்துவிட்டது. உங்களுக்கோ இது எப்போதும். அதற்கு மேல் இரவில் உடல் சீனியைக் கையாளும் திறனே பகலைவிடக் குறைவு. வேலை முடிந்து நள்ளிரவுக்குக் கிட்ட கொத்து ரொட்டி சாப்பிடுபவர்கள் என் கிளினிக்குக்கு நிறையப் பேர் வருகிறார்கள். நீங்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை, ஆனால் 11.30க்கு வீடு வருபவர் வெறும் வயிற்றோடு படுப்பதில்லை.

ஆகவே முதல் மாற்றம் இதில்தான். இரவுச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோய் 7.30க்கும் 8 மணிக்கும் இடையில் கந்தோரிலேயே சாப்பிடுங்கள். பிறகு பத்து நிமிடம் தாழ்வாரத்திலோ படிகளிலோ நடந்துவிட்டு அடுத்த தொலைபேசி அழைப்புக்குப் போங்கள். சாப்பிட்டவுடன் நடக்கும் அந்தப் பத்து நிமிடம் சீனி ஏறுவதைக் கண்கூடாகக் குறைக்கும். வீடு வந்ததும் பசித்தால் ஒரு கோப்பை சீனியில்லாப் பால், அல்லது ஒரு கொய்யா. தொலைபேசியை விறாந்தையில் வைத்துவிட்டு 12.30க்குப் படுக்கையில் இருங்கள். கட்டடக்காரர்களை என்னால் நிறுத்த முடியாது, ஆனால் முன்பக்கத்தை ஒன்றரை மணிநேரம் நீட்டலாம். வேலை நேரத்தை மாற்றக் கேட்க வாய்ப்பிருந்தால் இந்த ரிப்போர்ட்டையே காரணமாகக் காட்டுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

அடுத்தது அம்மாவின் முட்டைத் தடை. அம்மாவின் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் கை வைத்த இடம் தவறு. உங்கள் ட்ரைகிளிசரைட் 190க்கும் எச்.டி.எல். 36க்கும் முட்டை பொறுப்பல்ல. ட்ரைகிளிசரைட் கூடி எச்.டி.எல். குறையும் இந்தச் சோடி, அளவுக்கு மேல் மாச்சத்தும் சீனியும் மதுவும் போகும் உடம்பில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. மிஞ்சும் மாச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றிக் குருதிக்குள் அனுப்புகிறது. தேங்காய்ப்பாலும் தேங்காய் எண்ணெயும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.ஐக் கூட்டும் என்பதால் அளவாக இருக்கட்டும். சம்பலை ஒழிக்க வேண்டியதில்லை. முட்டையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

நாளைக்கு ஒரு சோற்றுப் பார்சலைத் திறந்து நிதானமாகப் பாருங்கள். முக்கால்வாசி வெள்ளைச் சோறு. ஓரத்தில் இரண்டு மேசைக்கரண்டி பருப்பு, ஒரு கிழங்குக் கறி, ஒரு துண்டு மீன், கிள்ளிப் போட்ட கீரைச் சுண்டல், மேலே அப்பளம். கிழங்கும் அப்பளமும் கூட மாச்சத்துக் கணக்குத்தான். இதையே தலைகீழாக்குங்கள். சோறு தட்டின் கால்பங்கு, மீன் அல்லது கோழி அல்லது முட்டையோடு பருப்பு கால்பங்கு, மீதிப் பாதி முழுவதும் கீரையும் காய்கறியும்: வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, பயற்றங்காய், பாகற்காய், புடலங்காய், எது கிடைக்கிறதோ அது. மரக்கறி விலை எனக்கும் தெரியும். பருப்பும் கடலையும் நெத்தலியும் இன்னும் எட்டும் விலையில்தான் இருக்கின்றன. சிவப்பரிசி நல்லது, குரக்கன் பிட்டு நல்லது, ஆனால் அளவு அதே அளவுதான். 'இது குரக்கன்தானே' என்று இரண்டு குழல் பிட்டு சாப்பிடுபவர்களின் சீனி குறைவதை நான் பார்த்ததில்லை.

பின்னேரம் மெஷினில் வரும் பால் தேநீரில் சீனி முன்கூட்டியே கலந்திருக்கும். வெறுந்தேநீருக்கு மாறுங்கள். கூட வரும் ரோல்ஸ், பற்றிஸுக்குப் பதிலாக ஒரு பிடி அவித்த கடலை. இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறக் குறியீடு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்பைத் தொடாதீர்கள், மஞ்சளையும் தாகத்துக்குக் குடிக்காதீர்கள். பியரை மூன்று மாதத்துக்கு நிறுத்திப் பாருங்கள். ட்ரைகிளிசரைட்டில் அதன் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் அடுத்த ரிப்போர்ட்டே சொல்லும்.

உடற்பயிற்சியில் நடையை மட்டும் சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். உங்களுக்குக் குறைவாக இருப்பது தசை. குருதிச் சீனியை அதிகம் உறிஞ்சும் இடமும் தசைதான். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். ஜிம்முக்குப் போனாலும் சரி, வீட்டிலேயே குந்தி எழும்புவது, தண்டால், தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குவது என்றாலும் சரி. மற்ற நாட்களில் மெரின் டிரைவில் வெயில் ஏறுமுன் அரை மணிநேரம் வேகமாக நடவுங்கள். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்தபட்சம்.

இதெல்லாம் பலன் தருமா? அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான பெரிய பரிசோதனையில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்கள் நிறையில் 7 வீதத்தைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யும் திட்டத்தைப் பின்பற்றியபோது நீரிழிவு வருவது 58 வீதத்தால் குறைந்தது. மெட்ஃபோமின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களில் 31 வீதம். 2006இல் வெளியான சென்னை ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 வீதம், மெட்ஃபோமினால் 26.4 வீதம். எங்கள் உடம்பு அமெரிக்க உடம்பு அளவுக்கு இலகுவாக வளைந்து கொடுக்கவில்லை, அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் சென்னையில் அவர்களின் நிறை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். தராசு அசையவில்லை என்று சோர்ந்து விடாமல் இருக்க இது போதும். கொழும்பிலேயே இலங்கை நீரிழிவுச் சங்கம் சிறுவர் முதல் 40 வயது வரையானோரைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனை பெற்றவர்கள், வருடத்துக்கு ஒருமுறை பெற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதற்கே ஒரு பலன் உண்டு. உங்களுக்கு இலக்கு 5 கிலோ குறைவதும், இடுப்பு 90க்குக் கீழே வருவதும்.

இடுப்பை எப்படி அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் பிழையாக அளக்கிறார்கள். காற்சட்டை அளவு கணக்கில்லை, அதை வயிற்றுக்குக் கீழேதான் போடுகிறோம். சேர்ட்டைக் கழற்றி நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், பெரும்பாலும் தொப்புளுக்குக் கிட்ட, தையல்காரரின் நாடாவைக் கிடையாகச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டபின் பாருங்கள். மாதம் ஒருமுறை, காலையில் சாப்பிட முன்.

இனி வைத்தியரிடம் போகும் வேலை. தள்ளிப்போடாமல் இந்த மாதத்துக்குள் ஒரு பொது வைத்திய நிபுணரைச் சந்தியுங்கள். 8 முதல் 10 மணிநேரம் வெறும் வயிற்றோடு சீனியைத் திரும்பப் பாருங்கள், தண்ணீர் குடிக்கலாம். அதற்கு முந்திய நாட்களில் மது வேண்டாம். கூடவே எச்பிஏ1சி. அது 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை உறுதி. இரத்தச்சோகையோ, குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயோ இருந்தால் அந்தப் பரிசோதனை பிழைக் கணக்குக் காட்டக்கூடும் என்பதால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஈரலுக்கு எஸ்.ஜி.பி.டி. என்ற குருதிப் பரிசோதனையும் பார்ப்பது நல்லது. பிரஷரை வேறு வேறு நாட்களில் அமைதியாக இருந்து பாருங்கள். எல்.டி.எல். 128 மற்றவர்களுக்குப் பெரிய விடயமாக இராது. அப்பா 52 வயதில் இதய நோயால் போயிருக்கிறார் என்றால் உங்கள் கணக்கு வேறு. அதை வாய் திறந்து சொல்லாவிட்டால் எந்த வைத்தியருக்கும் தெரியாது. மெட்ஃபோமினை நண்பர் எடுக்கிறார் என்று பார்மசியில் வாங்கிப் போடாதீர்கள், தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக இவற்றைப் பார்க்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்கள் இருக்கின்றன. அவை முக்கியமாக 35 வயது தாண்டியவர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. எங்கள் ஆட்களுக்கு அந்த வயது பிந்திவிட்டது என்பது என் கருத்து. தந்தைக்கு நீரிழிவும் இதய நோயும் இருந்தது என்று சொல்லிப் போய்க் கேளுங்கள்.

கலியாண விடயம். அம்மாவின் பயம் எங்கள் சமூகத்தின் பயம், அவவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறைக்காதீர்கள். உங்களுக்கு இருப்பது தொற்றும் நோயுமல்ல, வெளியில் சொல்லக் கூடாத நோயுமல்ல. இலங்கையில் வளர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவிலோ அதற்கு முந்திய நிலையிலோ இருக்கும்போது, பெண் வீட்டிலும் யாராவது ஒருவர் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பார். 'அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் எல்லையில் நிற்கிறது, கவனித்துக்கொள்கிறேன்' என்று நீங்களே சொன்னால் அது உங்கள் பொறுப்பைக் காட்டும். இன்னொன்றும் இருக்கிறது. பேசும் பெண்ணின் வீட்டிலும் நீரிழிவு இருந்தால், அவர் கர்ப்பமாகும் முன்பே தன் சீனியைப் பார்த்துக்கொள்வது பிறக்கப் போகும் பிள்ளைக்கு நல்லது. புனேக் குழந்தைகளின் கதையும் கருவில்தான் தொடங்கியது. இந்த விடயத்தை இருவரும் சேர்ந்து பேச முடியுமானால் நல்லதொரு தொடக்கம்.

இடையில் அடிக்கடி சிறுநீர் போவது, அடங்காத தாகம், காரணமில்லாமல் மெலிவது, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் இவற்றில் எது வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே போங்கள். நெஞ்சு இறுக்கம் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. இல்லாவிட்டால் மூன்று மாதத்தின் பின் அதே லாபில் அதே பரிசோதனைகளைச் செய்து, பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு அதே வைத்தியரிடம் போங்கள். எனக்கும் எழுதுங்கள்.